"கோடு வரலை, அங்கிள்": பழைய ஸ்கோப்பையும் மீட்டரையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது என் கைப்பேசிக்கு இந்தக் குரல் பதிவு வந்துவிடும். அனுப்புபவர் பாலிடெக்னிக்கில் படிக்கும் பையனாக இருப்பார், அல்லது ஓய்வு பெற்றபின் பழைய ஆசையைத் தூசி தட்டி எடுத்தவராக இருப்பார். "அங்கிள், லைட் எரியுது, ஃபேன் ஓடுது, கோடு மட்டும் வரலை. டியூப் போச்சா?"

கேட்பது ஆசிலோஸ்கோப்பைப் பற்றி: மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப். டியூப் என்பது அதன் திரைக் குழாய், சிஆர்டி. பெரும்பாலும் அது போயிருக்காது. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் பத்து இருபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கருவியில் முதலில் கெடுவது ஓரிரு வெள்ளிக்கு (டாலருக்கு) வாங்கக்கூடிய சாமான்தான்: பாசி பிடித்த சுவிட்ச், ஷார்ட்டான டான்டலம் கெபாசிட்டர், உலர்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். ஆனால் எல்லாரும் கை வைப்பது விலை கூடிய பக்கத்தில். ஐசியை மாற்றுகிறார்கள், உள்ளே இருக்கும் திருகுகளைத் திருகுகிறார்கள். அதற்குப் பிறகு என்னிடம் வரும்போது இரண்டு வேலை: பழைய கோளாறு ஒன்று, புதுக் கோளாறு ஒன்று.

அதனால் எந்த அறிகுறிக்கும் மலிவான காரணத்திலிருந்து மேலே ஏறுங்கள். உள்ளே இருக்கும் அளவுத்திருத்தத் திருகு எதையும், சப்ளை வோல்டேஜ் எல்லாம் சரி என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

திறப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி மேசைமேல், உங்கள் கண்ணெதிரே வையுங்கள். சுவிட்சை அணைத்தேன் என்ற நினைப்பு போதாது. மோதிரத்தையும் கைச் சங்கிலியையும் கழற்றுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் திறங்கள்.

பெரிய கெபாசிட்டர்களைக் காலியாக்க, 1 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் காப்பு உறை போட்ட கிளிப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதை மாட்டி அரை நிமிடம் விட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் படீரென்று ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கெபாசிட்டரும் கெடும், பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டரும் போகும். சிஆர்டியின் பக்கவாட்டு ரப்பர் மூடியை இந்தக் கட்டுரையில் எங்கேயும் நாம் தொடப்போவதில்லை.

மேசைக்கு வேண்டியவை: நம்பகமான ஒரு மல்ட்டிமீட்டர், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கருவியின் சர்வீஸ் கையேடு, 100 வாட் குண்டு பல்ப். பல்பைக் கருவிக்குத் தொடராக, ஒரு நீட்டிப்புப் பெட்டிக்குள் ஒழுங்காக வயர் செய்து பொருத்த வேண்டும். குண்டு பல்ப் இப்போது இங்கே கிடைப்பது அரிது, பழைய மேசை விளக்கில் ஒன்று மிஞ்சியிருந்தால் எறியாதீர்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். கருவி தப்பிக்கும். ஷார்ட் இல்லையென்றால் பளிச்சென்று ஒரு வீச்சு வீசிவிட்டு மங்கும். மங்கிய நிலையில் கருவிக்கு முழு வோல்டேஜ் போகாது, அப்போது கோடு வரும் என்று காத்திருக்காதீர்கள். சுவிட்ச் மோட் சப்ளை (மெயின்ஸை வேகமாக வெட்டி வெட்டி வோல்டேஜ் தருவது) உள்ள கருவிகளுக்கு இந்தப் பல்ப் ஒத்துவராது. அவை குறைந்த வோல்டேஜில் விக்கிக்கொண்டே இருக்கும், உங்களையும் குழப்பும்.

அறிகுறி: சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை

முதலில் பிளக்கைத் திறங்கள். நம் ஊர்ச் சதுரப் பின் பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உட்கார்ந்திருப்பதை வெளிநாட்டிலிருந்து கருவி தருவித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். 13 ஆம்ப் போட்டிருந்தால் 3 ஆம்ப்பாக மாற்றுங்கள், ஸ்கோப்புக்கு அதுவே தாராளம்.

அடுத்து பின்பக்க வோல்டேஜ் செலக்டர். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 115-ல் நிற்கும், நம் சுவரில் வருவது 230. செலக்டரை மாற்றினால் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 230-க்கு உரிய ஃபியூஸ் ஏறக்குறைய பாதி ஆம்ப் இருக்கும், அளவு பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கையில் இல்லை என்று பெரிய ஃபியூஸ் போடுவதோ வெள்ளித்தாள் சுற்றுவதோ வேண்டாம். அந்த ஃபியூஸ் காப்பாற்ற நிற்பது டிரான்ஸ்ஃபார்மரை. அதற்கு மாற்று இனி எந்தக் கடையிலும் இல்லை.

*ஃபியூஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை*

கருவி சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வகையா? பிளக்கைச் சுவரில் மாட்டாமல், கருவியின் சுவிட்சை மட்டும் போட்டு, பிளக்கின் லைன், நியூட்ரல் பின்களுக்கிடையே ஓம் பாருங்கள். சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரை வந்தால் உள்ளே போகும் வழி திறந்திருக்கிறது. ஒன்றுமே காட்டவில்லையென்றால் வரிசையாகச் சந்தேகப்படுங்கள்: பவர் சுவிட்ச், செலக்டரின் காண்டாக்ட், சூட்டில் வெட்டிக்கொள்ளும் தெர்மல் கட்-அவுட். பவர் சுவிட்சை இருபது முப்பது முறை தட்டிவிட்டு மறுபடி அளந்தால் சில நேரம் உயிர் வந்துவிடும். அப்படி வந்த சுவிட்சை நம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். இவை மூன்றும் சரி, டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியே அறுந்திருக்கிறது என்றால் அங்கே நிறுத்துங்கள். உதிரிக் கருவி ஒன்றை வாங்கி இரண்டை ஒன்றாக்குவதுதான் வழி.

*மாற்றிய ஃபியூஸ் உடனே போகிறது*

பல்பைத் தொடராகப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முழு வெளிச்சம் வந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் டயோடுகளை ஒவ்வொன்றாக மீட்டரின் டயோடு நிலையில் பாருங்கள். அதில் ஷார்ட் இல்லையென்றால் அதற்கு அடுத்த பெரிய எலக்ட்ரோலிட்டிக்.

*டிக், டிக், டிக் என்று ஒரே தாளத்தில் சத்தம்*

இது சுவிட்ச் மோட் சப்ளை எழுந்து எழுந்து விழும் சத்தம். டெக்ட்ரானிக்ஸ் 2465 போன்ற 80-களின் கருவிகளில் கேட்கும். சப்ளை பெரும்பாலும் குற்றமற்றது. அதற்குக் கீழே ஏதோ ஒரு லைன் ஷார்ட்டாகி அதை இழுத்துப் பிடிக்கிறது. உள்ளே மெயின்ஸை நேரே டிசியாக்கி 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கிறார்கள், அந்தப் பகுதிக்கு எர்த் தொடர்பும் கிடையாது. சுவிட்ச் மோட் சப்ளையில் முன்பழக்கம் இல்லாதவர் இங்கேயே ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: வீட்டு ஆர்சிசிபி விழுகிறது, அல்லது கூட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

ஆர்சிசிபி என்பது மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் வீட்டுச் சுவிட்ச். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிற தொல்லை என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். மின்கம்பி உள்ளே நுழையும் வாசலில் ஒரு மெயின்ஸ் ஃபில்டர் இருக்கும். அதில் லைனிலிருந்து கூட்டுக்கு ஒரு சின்னக் கெபாசிட்டர், நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு ஒன்று.

சுர்ரென்கிறதா? எர்த் இல்லை. எர்த் இல்லாத கூடு அந்த இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் தொங்கும். டிஜிட்டல் மீட்டரில் பார்த்தால் 115 வோல்ட் அளவில் காட்டும். கெபாசிட்டர் நன்றாக இருக்கும்வரை கூச்சத்தோடு போகும். அது ஷார்ட்டானால் கூடு நேரே 230. நான் 2016-ல் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஒரு சிக்னல் ஜெனரேட்டரில் யாரோ இரண்டு கம்பி வயரைப் போட்டு, எர்த் முனையை ஒட்டு நாடாவால் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். (அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது இப்படிப்பட்ட அதிர்ச்சிகளைக் பழைய சாமான் வாங்கி விற்கும் காராங்குனி மாமாக்களிடமும் இணையத்திலும்தான் வாங்க வேண்டியிருக்கிறது.) வழி எளிது: மூன்று கம்பி வயர், ஒழுங்கான சதுரப் பின் பிளக். பயண அடாப்டர் வேண்டாம், பலவற்றில் எர்த் உள்ளே இணைந்திருக்காது. மாட்டிய பின் பிளக்கின் எர்த் பின்னுக்கும் பெயின்ட் இல்லாத ஒரு கூட்டுத் திருகுக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

ஆர்சிசிபி விழுகிறதா? வீட்டு ஆர்சிசிபி 30 மில்லிஆம்ப் கசிவிலேயே வெட்டிவிடும். கருவியை ஒரு வாரம் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியிலோ கேமரா வைக்கும் உலர் அலமாரியிலோ வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள், ஈரத்தால் வந்த கசிவு போய்விடும். போகவில்லையென்றால் ஃபில்டரை முழுதாக மாற்றுங்கள். ஐஇசி சாக்கெட்டோடு சேர்ந்த ஃபில்டர் சிம் லிம் டவரில் கிடைக்கும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் போய்த் தேடாதீர்கள்.

ஃபில்டரை மாற்றியும் விழுகிறது, கருவியை எடுத்த பின்னும் கெட்டில் போட்டால் விழுகிறது என்றால் கோளாறு வீட்டு வயரிங்கில். அது நம் வேலை அல்ல, எரிசக்திச் சந்தை ஆணைய உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஆர்சிசிபி விழாமல் இருக்க எர்த் பின்னைக் கழற்றிவிடும் குறுக்குவழியை யாராவது சொல்லித் தந்தால், அவர் வீட்டு ஸ்கோப்பையும் தொடாதீர்கள்.

அறிகுறி: புகை, வாடை

இதற்கு மீட்டரைவிட மூக்கு நன்றாக வேலை செய்யும்.

*கருகிய காகித நெடி, அறை முழுக்க வெண்புகை, ஆனால் கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது.* மெயின்ஸ் வாசலில் லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருக்கும் காகிதக் கெபாசிட்டர் வெடித்திருக்கிறது. தேன் நிறத்தில், உள்ளே சுருட்டிய காகிதம் மங்கலாகத் தெரியும்படி இருக்கும், மேலே பிஎம்இ 271 என்று அச்சிட்டிருக்கும். வயதானதும் மேல்கூட்டில் மயிரிழை விரிசல் விடும், அந்த வழியே ஈரம் உள்ளே போகும், ஒருநாள் கரண்ட் கொடுத்த சில நிமிடத்தில் இந்தக் கூத்து. விரிசல் கண்ட கெபாசிட்டரைப் புகைவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், எக்ஸ் 2 வகை, 275 வோல்ட் ஏசி, பின் இடைவெளி ஒத்த ஃபிலிம் கெபாசிட்டரைப் போட்டால் ஓரிரு வெள்ளியில் முடிந்தது. எனக்கு முதன்முறை இது நடந்தபோது எதிர் வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) வாளியில் தண்ணீரோடு வாசலில் நின்றார். மின்சாதனத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் புகையே அடங்கிவிட்டது.

*கருவாட்டு வாடை.* எலக்ட்ரோலிட்டிக் கசிந்திருக்கிறது. குறிப்பாகப் போர்டில் ஒட்டினாற்போல் இருக்கும் சின்ன வட்டக் கெபாசிட்டர்கள். 80-களின் இறுதியிலும் 90-களிலும் வந்த கருவிகளில் இவற்றின் திரவம் போர்டின் செம்புக் கோட்டையே தின்றுவிடும். சால்டரிங் அயர்னை வைத்ததும் வாடை தூக்கினால் சந்தேகமே வேண்டாம். கெபாசிட்டரை எடுத்து, போர்டை ஆல்கஹாலால் கழுவி, கோடு அறுந்திருந்தால் மெல்லிய கம்பியால் பாலம் போட்டுப் புதியதை வையுங்கள்.

*அழுகிய பூண்டு, முள்ளங்கி நெடி.* வால்வு காலத்துக் கருவியில் அடுக்கடுக்கான தகடுகளாக இருக்கும் செலீனியம் ரெக்டிஃபயர் எரிகிறது. பிளக்கைப் பிடுங்குங்கள், சன்னலைத் திறங்கள், அறையை விட்டு வெளியே போங்கள். அந்தப் புகை நச்சு. பிறகு அதை சிலிக்கான் டயோடாக மாற்றும்போது வோல்டேஜ் கூடும், தொடராக ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். கணக்குப் போடத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

*போட்டோகாப்பி எந்திரத்தருகே வரும் வாடை, கூடவே மெல்லிய சீறல்.* ஓசோன். சிஆர்டிக்குப் போகும் உயர் வோல்டேஜ் எங்கேயோ கசிகிறது. அணைத்துவிட்டு நிறுத்துங்கள். இது தொழில்காரர் வேலை.

அறிகுறி: விளக்கு எரிகிறது, விசிறி ஓடுகிறது, கோடு இல்லை

எனக்கு வரும் குரல் பதிவுகளில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

மூடியைத் திறக்காதீர்கள். இன்டென்சிட்டி முக்கால். டிரிக்கர் (கோடு எப்போது தொடங்க வேண்டும் என்று முடிவு செய்வது) மோட் ஆட்டோவில். இரண்டு சேனலின் உள்ளீட்டையும் கிரவுண்டில் வையுங்கள். பொசிஷன் குமிழ்கள் எல்லாம் நடுவில். ஒரே ஒருமுறை மட்டும் கோடு வரையவிடும் சிங்கிள் ஸ்வீப் பொத்தான் உள்ளே அமுங்கியிருந்தால் வெளியே எடுங்கள். எக்ஸ்-ஒய் நிலையில் இருந்தால் மாற்றுங்கள். சிரிக்க வேண்டாம், நானே ஒருமுறை ஒரு மாலைப்பொழுதை சிங்கிள் ஸ்வீப் பொத்தானுக்குக் காவு கொடுத்திருக்கிறேன்.

அடுத்து பீம் ஃபைண்டர் பொத்தானை (திரைக்கு வெளியே ஓடிய கோட்டைச் சுருக்கி உள்ளே காட்டுவது) அழுத்திப் பிடியுங்கள்.

*அழுத்தினால் திரையில் சுருங்கிய கோடோ புள்ளியோ தெரிகிறது*

நல்ல செய்தி. சிஆர்டி உயிரோடு இருக்கிறது, உயர் வோல்டேஜும் வருகிறது. கோடு மேலேயோ கீழேயோ ஓடி ஒளிந்திருக்கிறது. மேல்-கீழ் தள்ளியிருந்தால் வெர்ட்டிகல் பக்கம், இட-வலம் தள்ளியிருந்தால் ஹாரிசான்டல் பக்கம். அந்தப் பக்கத்துக்குப் போகுமுன் கீழே சொல்லும் சப்ளை சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு சேனலில் மட்டும் கோடு வந்து மற்றதில் வரவில்லையென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நன்றாக இருக்கும் சேனலை வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் இரண்டிலும் என்ன வோல்டேஜ் என்று ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். வித்தியாசம் தொடங்கும் இடத்தில் கோளாறு உட்கார்ந்திருக்கும்.

*அசையாத ஒற்றைப் புள்ளி*

இன்டென்சிட்டியை உடனே குறையுங்கள். நின்ற புள்ளி பாஸ்பரை எரித்து நிரந்தரத் தழும்பாக்கிவிடும். புள்ளியை இடமிருந்து வலம் ஓட்டிக் கோடாக்கும் ஸ்வீப் ஓடவில்லை. டைம்-டிவிஷன் சுவிட்சை மெதுவாக எல்லாப் படியிலும் சுற்றுங்கள். சில படியில் ஓடினால் சுவிட்ச் அழுக்கு. எதிலும் ஓடாவிட்டால் சப்ளை.

*அழுத்தினாலும் இருட்டு*

இப்போது மூடியைத் திறங்கள். போர்டுகளுக்கு வோல்டேஜ் கொண்டுபோகும் சப்ளை லைன்களை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு, பலர் வீட்டில் இருக்கும் டெக்ட்ரானிக்ஸ் 465-ஐ எடுத்துக்கொள்வோம். 1972-ல் வந்த 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப். அதில் 110, 55, 15, 5, மைனஸ் 8 என்று ஐந்து லைன். 55-ஐ முதலில் பாருங்கள். மற்றவை அதைப் பார்த்து நிற்பவை, அது சாய்ந்தால் எல்லாம் சாயும். எல்லா லைனும் கையேட்டில் சொன்ன வரம்புக்குள் இருந்தால் மட்டும் அடுத்த வேலை.

ஒரு லைன் மட்டும் பூஜ்யத்தருகே கிடக்கிறது என்றால் அணைத்துவிட்டு, காலியாக்கிவிட்டு, அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரண்டு மூன்று ஓமுக்குக் கீழே நின்றால் டான்டலம் ஷார்ட் என்று பந்தயம் கட்டலாம். நெல்லிக்கொட்டை அளவில் பளபளவென்று இருக்கும் இந்தக் கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டுக் கரண்ட் கொடுத்த அன்று ஷார்ட்டாவதில் பேர் போனவை.

போர்டு முழுக்க ஒரே லைனில் பத்துப் பதினைந்து டான்டலம் இருக்கும், குற்றவாளி எது? எல்லாவற்றையும் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பிறகு போர்டு பாவமாக இருக்கும். நான் செய்வது இது. கருவியின் பிளக் மேசைமேல் இருக்கட்டும். பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்து, கரண்டை 1 ஆம்ப்புக்குக் கட்டுப்படுத்தி, ஷார்ட்டான லைனில் அதே பிளஸ் மைனஸ் பார்த்துக் கொடுக்கிறேன். 1 வோல்ட்டில் நல்ல பாகம் எதுவும் கெடாது. பிறகு சந்தேகப் பகுதியில் தூரிகையால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெலிதாகப் பூசி, மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். போர்டு முழுக்க ஈரம் மினுமினுக்கும். ஓர் இடத்தில் மட்டும் அந்த மினுமினுப்பு சுருங்கி, கெபாசிட்டரின் காலைச் சுற்றி வட்டமாக உலர்ந்து போகும். அதுதான். விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். ஆல்கஹாலுக்கு அசையாத ஷார்ட் என்றால், மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து லைன் நெடுகத் தொட்டுக்கொண்டே போங்கள். கரண்ட் ஓடி முடியும் இடத்தில் அளவு ஆகக் குறைவாக இருக்கும்.

புதிதாகப் போடுவது லைன் வோல்டேஜைப்போல் இரு மடங்கு தாங்க வேண்டும். 15 வோல்ட் லைனுக்கு 35 வோல்ட். டான்டலத்தில் குறியிட்ட கால் பிளஸ், எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட கால் மைனஸ். இந்த இடத்தில் தடுமாறாதவர் இல்லை, தடுமாறினால் பட்டாசுதான்.

லைனில் ஷார்ட் இல்லை, ஆனாலும் வோல்டேஜ் குறைவு என்றால் சாக்கெட்டில் செருகியிருக்கும் டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, திசையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, திரும்பச் செருகுங்கள். அந்தக் காலத்துக் கருவிகளில் இந்தச் சாக்கெட்டுகள் நிறைய. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில் காலில் படியும் கறையே ஒரு லைனைச் சாய்க்கப் போதும். ஒரு காசு செலவில்லாமல் இதனாலேயே எழுந்து நின்ற ஸ்கோப்கள் உண்டு.

எல்லா லைனும் சரி, இன்னும் இருட்டு என்றால் சிஆர்டியின் கழுத்தை இருட்டறையில் பாருங்கள். பின்பக்கத்தில் ஹீட்டர் சின்னதாகச் செம்மஞ்சளில் எரிய வேண்டும். எரியவில்லையென்றால் சாக்கெட் காண்டாக்ட்டாக இருக்கலாம், ஹீட்டர் அறுந்திருக்கலாம். எரிந்தும் இருட்டு என்றால் உயர் வோல்டேஜ் பகுதி, அத்தோடு நீங்கள் நிறுத்த வேண்டும். கேத்தோடில் மைனஸ் இரண்டாயிரத்துக்கும் மேல், ஆனோடில் பல்லாயிரம். கையிலிருக்கும் மல்ட்டிமீட்டர் 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. உயர் வோல்டேஜ் புரோப்பும் அதில் பழகிய கையும் உள்ளவரிடம் கொடுங்கள். இன்டென்சிட்டியைக் கூட்டக் கூட்டப் படம் உப்பிப் பெரிதாகிறது என்றாலும் இதே இடம்தான், இதே அறிவுரைதான்.

அறிகுறி: குமிழைத் தொட்டால் கோடு துள்ளுகிறது, படி மாற்றினால் அளவு மாறிக் காட்டுகிறது

இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

பொசிஷன் போன்ற சுழல் குமிழைத் திருப்பும்போது கரகரவென்று துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டர் அழுக்கு. அதன் இடுக்கில் காண்டாக்ட் கிளீனர் ஒரே ஒரு சொட்டு விட்டு முழு வீச்சில் இருபது முறை திருப்புங்கள்.

வோல்ட்-டிவிஷன் சுவிட்சில் ஒரு படியில் சரியாகவும் அடுத்ததில் பாதியாகவும் காட்டினால் உள்ளீட்டைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டெனுவேட்டர். அங்கே ஸ்ப்ரே டப்பாவைக் கொண்டுபோகாதீர்கள். டப்பாவில் இருக்கும் எண்ணெய்ப் பசை அந்த உயர் மின்தடைப் பகுதியில் படிந்து, சதுர அலையின் மூலையையே வளைத்துவிடும். தங்க முலாம் பூசிய மெல்லிய விரல்கள் போர்டைத் தொட்டுத் தொட்டு விடும் கேம் சுவிட்ச் அது. பழைய பெயரட்டை ஒன்றை ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, நுனியை ஆல்கஹாலில் தோய்த்து, விரலுக்கும் போர்டுக்கும் நடுவே செருகி, சுவிட்சை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அட்டையை மெதுவாக வெளியே இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு படியும். கோடு படிவது நிற்கும் வரை புது அட்டை, புதுச் சொட்டு. மணல்தாளும் அழிப்பானும் கூடாது, தங்க முலாம் போனால் திரும்ப வராது. விரல் ஒன்று மேல்நோக்கி வளைந்துவிட்டால் ஊசியால் சரிசெய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் அதை ஒடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள்.

சுத்தம் செய்தும் ஒரே ஒரு படி மட்டும் தவறு என்றால் அந்தப் படிக்கான ரெசிஸ்டர் கட்டை. உதிரிக் கருவியிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி: அலை நிற்காமல் ஓடுகிறது

கருவியின் முகப்பிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் கேலிபிரேட்டரில் புரோப்பை மாட்டுங்கள். சோர்ஸ் சேனல் 1, கப்ளிங் ஏசி, லெவல் நடுவில், ஹோல்ட்-ஆஃப் குறைந்தபட்சம். நின்றுவிட்டால் கோளாறு உங்கள் சிக்னலில். புரோப்பையும் சோர்ஸையும் சேனல் 2-க்கு மாற்றினால் மட்டும் நிற்கிறது என்றால் சோர்ஸ் சுவிட்ச் அழுக்கு, மேலே சொன்ன மருந்தே இதற்கும். எதிலும் நிற்காவிட்டால் சில கருவிகளில் டிரிக்கரை இயக்கும் டனல் டயோடு போயிருக்கும். விலை கூடியது, சூடு தாங்காதது, ஒழுங்கானது கிடைப்பதும் சிரமம். கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுங்கள்.

அறிகுறி: கோடு தடிக்கிறது, நெளிகிறது

உள்ளீட்டை கிரவுண்டில் வைத்துவிட்டு, டிரிக்கர் சோர்ஸை லைனில், அதாவது மெயின்ஸைப் பின்பற்றும் நிலையில் போடுங்கள். நெளிவு நின்றால் அது மெயின்ஸிலிருந்து வருகிறது. இப்போது ஒரு நெளிவு எத்தனை மில்லிசெகண்ட் என்று அந்த ஸ்கோப்பிலேயே எண்ணுங்கள். 10 வந்தால் 100 ஹெர்ட்ஸ்: ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் உலர்ந்துவிட்டது. 20 வந்தால் 50 ஹெர்ட்ஸ்: ரெக்டிஃபயரில் ஒரு டயோடு திறந்திருக்கலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம். ஸ்கோப்பைத் திருப்பி வைத்துப் பாருங்கள், நெளிவின் அளவு மாறினால் குற்றவாளி வெளியே இருக்கிறான். லைன் டிரிக்கரில் நிற்காத பொடி நடுக்கம் என்றால் பக்கத்து எல்இடி விளக்கின் சப்ளையை அணைத்துப் பாருங்கள்.

அறிகுறி: அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுக் கெடுகிறது

விசிறித் தூசியைத் தட்டுங்கள். ஏசி போடாத அறையில் நமக்கு 31 டிகிரி சாதாரணம், கூட்டுக்குள் அதற்கும் மேல். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்த கருவியில் ஏசி விசிறி இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், டிரான்ஸ்ஃபார்மரும் கூடுதலாகச் சுடும்.

தூசி போயும் கெட்டால், கெட்ட நிலையிலேயே குளிர் ஸ்ப்ரேயை ஒவ்வொரு பாகமாக நொடிநேரம் அடியுங்கள். எதைக் குளிர்வித்ததும் கோடு திரும்புகிறதோ அதை மாற்றுங்கள், அல்லது அதன் காலை மறுபடி சால்டர் செய்யுங்கள். உயர் வோல்டேஜ் பக்கமும் சிஆர்டி கண்ணாடி மேலும் அடிக்கக் கூடாது. நம் ஊரில் இன்னொரு பொறி இருக்கிறது: குளிர்ந்த பாகத்தின் மேல் நொடியில் பனித்துளி கோத்துக்கொள்ளும், அந்த ஈரமே புது அறிகுறியைக் காட்டும். அடித்து, பார்த்து, உலரவிட்டுத்தான் அடுத்தது.

அறிகுறி: டிஜிட்டல் மீட்டர் எழுகிறது, ஆனால் அளவு நம்பும்படி இல்லை

80-களில் வந்த எச்பி 3478ஏ போன்ற மீட்டர்களில் அளவுத்திருத்த எண்கள் எல்லாம் பேட்டரியால் உயிரோடிருக்கும் நினைவகத்தில் கிடக்கின்றன. போர்டில் சால்டர் செய்த 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது செத்தால் எண்களும் போகும்.

*இன்னும் போகவில்லை*

நன்றாக வேலை செய்யும் மீட்டரை வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது: ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் இணைப்பு) வழியாக அந்த எண்களைக் கணினியில் படித்துச் சேமித்துவிடுங்கள். பேட்டரி 3 வோல்ட்டிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது நினைவகம் பட்டினி கிடக்கக் கூடாது. இன்னொரு 3 வோல்ட் பேட்டரியை ஒரு டயோடு வழியாக இணையாகப் பிடித்துக்கொண்டு பழையதை எடுக்கலாம். சால்டரிங் அயர்ன் எர்த்தோடு சேராத பேட்டரி வகையாக இருப்பது நல்லது.

*போய்விட்டது*

வீட்டில் மீட்க முடியாது. சேமித்து வைத்த எண்கள் இருந்தால் திரும்ப எழுதலாம், இல்லையென்றால் அளவுத்திருத்தக் கூடம்தான். சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற கூடங்கள் இங்கே பல இருக்கின்றன. உச்சத்தில் ஏ-ஸ்டார் என்ற அரசு ஆய்வு அமைப்பின் கீழ் தேசிய அளவியல் மையம் இருக்கிறது, ஆனால் வீட்டு மேசை மீட்டருக்கு அதுவரை போவது கொசுவுக்குக் கோடாலி. போகுமுன் விலை கேளுங்கள். திருத்தக் கட்டணம் மீட்டர் வாங்கிய விலையைத் தாண்டுவது சாதாரணம்.

அறிகுறி: முள் மீட்டரில் ஓம் பூஜ்யத்துக்கு வரவில்லை

ஆவோமீட்டர் 8-ஐ வைத்தே சொல்கிறேன். கீழ் ரேஞ்சுகளில் மட்டும் வரவில்லையென்றால் 1.5 வோல்ட் செல். மேல் ரேஞ்சில் மட்டும் என்றால் 15 வோல்ட் பேட்டரி. அது சாதாரணக் கடையில் கிடைக்காது, ஐந்து 3 வோல்ட் பொத்தான் செல்களை ஒரு குழாயில் அடுக்கினால் 15 வந்துவிடும். எந்த ரேஞ்சும் அசையவில்லையா? முகப்பில் இருக்கும் கட்-அவுட் பொத்தானை அமுக்குங்கள், அது துள்ளியிருந்தால் மீட்டர் செத்ததுபோல்தான் இருக்கும். செல் கசிந்து காண்டாக்ட்டில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள்.

முள் பாதியில் சிக்கி நின்றால், கண்ணாடியைக் கழற்றாமல் மீட்டரைப் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். விடுபட்டால் தூசி இழை. விடவில்லையென்றால் உள்ளே தலைமுடியைவிட மெல்லிய சுருள்கம்பி இருக்கிறது. கடிகாரம் பழுதுபார்க்கும் கையும் அவர் கண்ணில் மாட்டும் லென்சும் உள்ளவருக்கு மட்டுமே அந்தக் கண்ணாடியைத் திறக்க உரிமை உண்டு.